வாரத்துக்கு எத்தனை பக்கம்? ட்ரோலப்பின் எழுத்துக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலைக்கும் போய்க்கொண்டு எழுத்தையும் விடாமல் வைத்திருந்தவர்கள் என்று பேச்சு எழுந்தால் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப்பின் பெயர் தவறாமல் அடிபடும். கூடவே அந்தக் கடிகாரமும் வந்துவிடும். விடியற்காலையில் எழுந்து, எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதித் தள்ளியவர். இந்த ஒரு தகவலை மட்டும் பிடித்துக்கொண்டு ஐந்து மணிக்கு அலாரம் வைக்கிறவர்கள் பலர். இரண்டாவது வாரத்தில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறவர்களும் அதே அளவுக்கு இருப்பார்கள்.

நேரமும் மனமும் குறைவாக இருக்கிறவர்களுக்கு ட்ரோலப்பிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கடிகாரம் இல்லை, வாரக்கணக்கு. அவர் தன் வாழ்க்கைக் குறிப்பில் இரண்டையும்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கடிகாரத்துக்கு மட்டும் பேர் கிடைத்துவிட்டது.

ஆளும் வேலையும்

1815இல் பிறந்தவர். 1834இல் லண்டன் தலைமை அஞ்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1841இல் அயர்லாந்துக்கு மாற்றல். அங்கே தபால் வழித்தடங்களை நேரில் போய்ப் பார்வையிடும் வேலை, பாதி நாள் குதிரை மீதும் வண்டியிலும் கழியும். 1867இல் ராஜினாமா செய்யும்வரை 33 ஆண்டுகள் அதே துறை. 1882இல் இறந்தபோது கணக்கில் 47 நாவல்கள் இருந்தன.

இந்த 47 என்ற எண்ணைக் கேட்டதும் பிறவியிலேயே வேகமான கை என்று தோன்றும். தொடக்கக் காலக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முதல் நாவலை 1843இல் தொடங்கி 1845இல்தான் முடித்தார், அச்சில் வந்தது 1847இல். 'தி வார்டன்' ஒரு சிறிய புத்தகம். அதை 1853 ஜூலையில் ஆரம்பித்தவர் அடுத்த ஆண்டு இலையுதிர்காலம்வரை இழுத்தார், 1855இல் வெளிவந்தது. ஆக, 12 ஆண்டில் 4 நாவல்கள். விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேலைக்கு நடுவே எழுதுகிற யாருக்கும் பழக்கமான வேகம்தான் இது.

அதன் பிறகு வேகம் கூடியது. வேலை குறையவில்லை, பயணம் குதிரையிலிருந்து ரயிலுக்கு மாறியது. ரயில் பெட்டியில் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருந்ததைக் கவனித்து, மடியில் வைத்து எழுத ஒரு சிறு பலகை செய்துகொண்டார். மையும் பேனாவும் ஆட்டத்துக்குத் தாங்காது என்பதால் பென்சில். சில நாள் பழகியதும் மேசையில் எழுதும் அதே வேகம் பெட்டியிலும் வந்துவிட்டது என்கிறார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி இப்படித்தான் எழுதப்பட்டது, 1857இல் வெளியானது. எதிரே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்க, பெரிய எழுத்தாளர் மாதிரி பாவனை காட்டுகிறோமோ என்ற கூச்சம் மட்டும் முதலில் இருந்ததாம். அதுவும் பழகிப்போயிற்று. பொது இடத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் இந்த வரியைக் குறித்துக்கொள்ளலாம்.

பதிவேடு

புதிய நாவல் ஒன்றை ஆரம்பிக்கும்போது முதல் வேலையாக ஒரு நாட்குறிப்பை எடுத்து வாரம் வாரமாகப் பிரிப்பார். இதை முடிக்க இத்தனை வாரம் என்று தனக்குத்தானே கெடு. ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் எழுதினார் என்பது அந்தந்த நாளுக்கு நேரே ஏறும். பக்கம் என்றால் குத்துமதிப்பான பக்கம் இல்லை, 250 சொல். கவனிக்காமல் விட்டால் பக்கத்தின் அளவு இஷ்டத்துக்கு நீளும், சுருங்கும் என்பதால் சொற்களை எண்ணியே எழுதினார்.

வாரத்துக்கு எத்தனை பக்கம்? இங்கேதான் பலர் தாண்டிப் போகிற இடம் இருக்கிறது. சராசரி 40. சில காலங்களில் 20தான் வைத்துக்கொண்டார். உச்சமாக 112வரை போயிருக்கிறது. அதாவது 5,000 சொல்லிலிருந்து 28,000 சொல்வரை. அந்தக் காலகட்டத்தில் அலுவலக வேலை கனமா லேசா, புத்தகம் அவசரமாகத் தேவையா இல்லையா என்று பார்த்து அளவை முன்கூட்டியே நிர்ணயித்தார். ஒழுக்கத்துக்குப் பேர்போன மனிதரின் இலக்கு ஐந்து மடங்குக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அன்றைய மனநிலையைப் பார்த்து வரவில்லை, வேலையைப் பார்த்து முதலிலேயே எழுதி வைத்ததிலிருந்து வந்தது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1859 கடைசியில் அவர் லண்டனுக்குப் பக்கத்து வால்தம் கிராஸுக்குக் குடிவந்தார். அங்கே காலை 5.30 முதல் 8.30வரை எழுத்து. முதல் அரை மணி நேற்றைய பக்கங்களைப் படிக்க, மீதி இரண்டரை மணி எழுத. கால் மணிக்கு 250 என்றால் ஒரு காலையில் 2,500 சொல், பத்துப் பக்கம். ஏழு நாளும் அப்படியே நடந்தால் 70 பக்கம். அவருடைய வாரச் சராசரியோ 40. முழுத் திறனில் சுமார் 57 சதவீதம். மீதி 43 சதவீதம் காய்ச்சல், விருந்தாளி, அலுவலகப் பயணம், குதிரைமேல் வேட்டை என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டது. இந்த இடைவெளிதான் பதிவேட்டை உயிரோடு வைத்தது என்பது எங்கள் வாசிப்பு.

சின்ன அளவில் இதைச் செய்வது எப்படி

மூன்று மணி நேரம் இல்லை, வாரத்தில் ஐந்து நாள் 20 நிமிடம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் இலக்கே வேண்டாம். கிடைத்த நிமிடங்களையும் வந்த சொற்களையும் அப்படியே குறித்து வையுங்கள். 600 சொல் வந்தது என்றால் அது உங்கள் திறன். அதில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டி இலக்கு வைக்கத்தான் கை போகும். கூட்டாதீர்கள், 350 வையுங்கள். மேலே பார்த்த அதே விகிதம்.

அடுத்து, ஒவ்வொரு வாரமும் தொடங்குமுன் வரப்போகிற ஏழு நாளைப் பார்த்து அந்த வாரத்துக்கான எண்ணை எழுதுங்கள். கணக்கு முடிக்கிற மாதக்கடைசி, பிள்ளைகளின் பரீட்சை, வெளியூர்ப் பயணம் இருந்தால் 150. விடுமுறை வாரம் என்றால் 700. வாரம் ஆரம்பித்தபின் எண்ணை மாற்றக்கூடாது, இது ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். புதன்கிழமை அசதியில் "சரி, இந்த வாரம் 100 போதும்" என்று திருத்தினால் அடுத்த வாரத்திலிருந்து பதிவேட்டில் உள்ள எண்ணை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

எழுதாத நாளுக்கு நேரே வெற்றிடம் விடாதீர்கள், சுழியம் போடுங்கள். வெற்றிடம் என்றால் எழுத மறந்ததா குறிக்க மறந்ததா என்று தெரியாது. நாலு நாள் வெற்றிடமாகிவிட்டால் பதிவேட்டைத் திறக்கவே மனம் வராது. சுழியம் போடுவதற்குப் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும், திறந்தவர்கள் சில நாள் இரண்டு வரியாவது எழுதிவிடுவார்கள்.

350 சொல் என்பது கேட்கக் கொஞ்சம்தான். ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 17,500 சொல்: 2,000 சொல் அளவில் எட்டுச் சிறுகதைகளுக்கு முதல் வரைவு.

அவருடைய 250ஐ அப்படியே தமிழில் எடுத்துக்கொள்வதும் சரிவராது. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல்லாக நிற்பவை தமிழில் வேற்றுமை உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்கின்றன. அதே விஷயத்துக்கு இங்கே சொல் எண்ணிக்கை குறையும். போதாததற்கு, கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணும்: "வந்துவிட்டான்" என்றால் ஒன்று, "வந்து விட்டான்" என்றால் இரண்டு. பிரித்து எழுதுகிறவருக்கும் சேர்த்து எழுதுகிறவருக்கும் ஒரே பக்கத்தில் எண்ணிக்கை வேறாக வரும். எனவே அடுத்தவரின் எண்ணோடு ஒப்பிடாமல் உங்கள் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். கையால் எழுதுகிறவர்கள் ஒரே அளவு நோட்டில் வரிகளை எண்ணினால் போதும்.

அவரை அப்படியே பின்பற்றக் கூடாத இடம்

ஓரிரு நாள் சோம்பிவிட்டால் அந்தக் குறை பதிவேட்டில் முறைத்துப் பார்த்து, கூடுதல் உழைப்பால் ஈடுகட்டச் சொல்லும் என்று எழுதியிருக்கிறார். விட்டுப்போன பக்கங்களைப் பிறகு எழுதிச் சேர்த்தார். மூன்று மணி நேரம் கையில் இருக்கிறவருக்கு இது சரி. 20 நிமிடக்காரர் செய்தால் பழக்கமே போய்விடும். இந்த வாரம் 200 குறைந்தது, அடுத்த வாரம் 550. அதுவும் முடியாமல் 900. மூன்றாம் வாரத்தில் அது எழுத்தாக இருக்காது, கடன் பாக்கியாக இருக்கும். குறையை அந்த வாரத்தோடு முடித்துவிடுங்கள், புது வாரம் புது எண். தொடர்ந்து மூன்று வாரம் எட்டவில்லை என்றால் தவறு எண்ணில் இருக்கிறது, 350ஐ 200 ஆக்குங்கள்.

விடியற்காலையும் அப்படித்தான். அவரை எழுப்ப ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். 5.30க்கு மேசையில் உட்காரும்படி காப்பியோடு வந்து எழுப்ப வேண்டும், அதற்காக ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றியில் வேறு யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருப்பதாக ட்ரோலப்பே ஒப்புக்கொள்கிறார். ரயிலில் பென்சிலால் கிறுக்கியதை மனைவி ரோஸ் உட்கார்ந்து படியெடுத்தார். கடைசிக் காலத்தில் ட்ரோலப் சொல்லச் சொல்ல மனைவி வழி உறவுப்பெண் எழுதினார். 47 நாவல்களைத் தனிமனித மனவுறுதியின் சாதனையாகப் பேசுகிறவர்கள் இந்த மூன்று பேரைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். வீட்டில் முதலில் எழுந்து காப்பி போடுகிற ஆள் நீங்கள்தான் என்றால் விடியற்காலை உங்களுக்குச் சும்மா கிடைக்கிற நேரம் இல்லை. தூங்கும் நேரத்தை முன்னால் தள்ளாமல் எழும் நேரத்தை மட்டும் முன்னால் தள்ளினால் உடம்பு சில நாளில் கணக்குத் தீர்த்துவிடும். மதிய உணவுக்குப் பிறகு 15 நிமிடமோ, பேருந்து கிளம்பக் காத்திருக்கும் நேரமோ, தினமும் தானாக வருகிற ஓர் இடைவெளியைப் பிடியுங்கள். அவருடைய ரயில் பெட்டிக்குச் சரியான இணை அதுதான்.

எழுதாத நேரத்தில் நடக்கும் எழுத்து

கால் மணிக்கு 250 சொல் வந்ததற்குக் கைவேகம் காரணமில்லை. உட்காரும்போதே அடுத்து என்ன என்று தெரிந்திருந்தது. பள்ளி நாட்களில் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாத பையனாக, மனத்துக்குள் ஒரே கதையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கிலும் தொடர்ந்து ஓட்டிய பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் கற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு: நடக்கவே முடியாதது எதுவும் வரக்கூடாது. பிறகு நாவலுக்கு அதே பயிற்சி உதவியது என்கிறார்.

20 நிமிடத்தில் 15 நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு போகிறது என்றால் குறை பெரும்பாலும் அந்த 20 நிமிடத்தில் இல்லை. அதற்கு முந்தைய நாளில் கதை ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை என்று பொருள். பாத்திரம் கழுவும்போதோ நடக்கும்போதோ ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். அறையில் யார் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொருவருக்கும் இப்போது என்ன வேண்டும்? காட்சி முடியும்போது எது மாறியிருக்கும்? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காத காட்சியை எழுத உட்காராதீர்கள், பாதியில் நின்றுவிடும். இந்த யோசனைக்குப் பயன்பட்ட சில்லறை நேரத்தையெல்லாம் இப்போது கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. "எழுத நேரமில்லை" என்பதில் எழுதும் நேரத்தைவிட யோசிக்கும் நேரம்தான் அதிகம் தொலைந்திருக்கிறது.

படிப்பும் எழுத்தும் ஒரே அமர்வில்

நேற்றைய பக்கத்தைப் படிக்கும் அந்த அரை மணியில் அவர் முக்கியமாகச் செய்தது சொற்களின், தொடர்களின் ஓசையைக் காதால் எடைபோடுவது. மூன்று மணியில் அரை மணி என்பது ஆறில் ஒன்று. 20 நிமிடத்தில் மூன்றரை நிமிடம் வரும். அதற்குள் கடைசி ஒன்றிரண்டு பத்தியை வாய்விட்டுப் படிக்கலாம், அவ்வளவே. இந்த மூன்றரை நிமிடம் வளர்ந்து அமர்வையே விழுங்குவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. முதல் பத்தியையே மாதம் முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். உறுத்துகிற இடத்தில் அடிக்கோடு மட்டும் போடலாம், மாற்றி எழுதுவது வேறு நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்தி, அதை நாலே சொல்லில் கீழே குறித்து வைத்தால் மறுநாள் தொடங்குவதற்கு யோசனையே தேவைப்படாது.

கைப்பேசியில் எழுதுகிறவர்கள் ஒரே கோப்பில் தொடர்ந்து எழுதிப் போவது நல்லது. நாளுக்கொரு கோப்பு என்றால் ஒரு மாதத்தில் எது முன், எது பின் என்று தேடவே அமர்வு போய்விடும். குரல்வழித் தட்டச்சு நடந்துகொண்டே எழுத உதவும். ஆனால் நிறுத்தக்குறி சரியாக விழாது, ரகர றகரமும் லகர ளகரமும் இடம் மாறும், உரையாடல் நன்றாக வரும், வருணனை பேச்சுநடைக்குச் சரியும். அதைச் சரிசெய்வது தனி வேலை. ரோஸ் செய்த படியெடுப்பை இங்கே நாமே செய்கிறோம். அதற்கான நேரத்தைப் பதிவேட்டில் தனி நெடுவரிசையில் குறியுங்கள். புதிய சொற்களோடு சேர்த்து எண்ணினால், ஒன்றுமே எழுதாத வாரம்கூட நிறைந்த வாரமாகத் தெரியும்.

மனம் ஓடாதபோது

உள்ளுந்துதலுக்காகக் காத்திருப்பதை ட்ரோலப் கேலியே செய்தார். செருப்புத் தைக்கிறவர் உந்துதலுக்காகக் காத்திருப்பதில்லையே என்பது அவர் கட்சி. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. "மனம் ஓடவில்லை" என்ற ஒரே பேச்சுக்குப் பின்னால் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

உடம்பு அசதி என்றால் ஐந்து நிமிடம், மூன்று வரி, போதும். காட்சி தெரியாமல் நிற்கிறது என்றால் அசதி இல்லாத நாளிலும் அதே இடத்தில் நிற்கும். அப்போது கதையை எழுதாமல் கதையைப் பற்றி எழுதுங்கள்: "இவள் வீட்டுக்குப் போகாமல் இருக்க என்ன காரணம் இருக்க முடியும்?" என்று தொடங்கி ஐந்து பதில் போடுங்கள். முதல் இரண்டு எல்லோருக்கும் தோன்றுவதாக இருக்கும், நாலாவது ஐந்தாவதில்தான் விஷயம் இருக்கும். அந்தச் சொற்களையும் கணக்கில் சேர்க்கலாம். மூன்றாவது, கதையே செத்துவிட்ட நிலை. தொடக்கத்திலிருந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓர் இடத்திலாவது கை பரபரக்கவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். ஆனால் மறுநாளே எடுக்க வேண்டும்.

மறுநாளே என்பதற்கு ட்ரோலப்பிடம் சான்று உண்டு. 1858இல் எகிப்துக்குப் போன அலுவலகப் பயணத்தின்போது 'டாக்டர் தோர்ன்' நாவலை ஒரு நாள் முடித்து, அடுத்த நாளே 'தி பெர்ட்ரம்ஸ்' நாவலைத் தொடங்கினார். 1871இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது அறையிலேயே மேசை ஒன்று போடச் சொல்லி, கப்பல் லிவர்பூலை விட்ட மறுநாளே எழுத ஆரம்பித்தார். எட்டு வாரம், வாரத்துக்கு 66 பக்கம், நோயில் ஒரு நாள் மட்டும் விடுபட்டது. மெல்போர்ன் சேர்வதற்குள் 'லேடி அன்னா' முடிந்திருந்தது. கிட்டத்தட்ட 1,32,000 சொல். சராசரியைவிட அதிகமான எண்ணை அங்கே வைக்க முடிந்ததற்குக் காரணம், கப்பலில் வேறு வேலை இல்லை என்பது முன்பே தெரியும்.

பழக்கம் அறுந்துபோகிற இடம் பெரும்பாலும் ஒரு படைப்பின் நடுப்பகுதி இல்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்காத இடைவெளி. கதை முடிந்த மகிழ்ச்சியில் ஒரு வாரம் விடுகிறோம், அது மூன்று மாதமாகிறது. முடிக்கப் போகிற கதைக்குக் கடைசி இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்ததற்கு அரைப் பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்: ஆள் யார், எங்கே தொடங்குகிறது, முதல் வாக்கியமாக ஏதோ ஒன்று. மோசமான முதல் வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை.

எண்ணிக்கை எங்கே ஏமாற்றும்

சொல்லை எண்ணத் தொடங்கினால் சொல் பெருகும். உரையாடல் நீளும், பாத்திரங்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். மாதம் ஒருமுறை பழைய பக்கங்களைப் பார்த்து, இலக்குக்காக எழுதிய வரிகளின் ஓரத்தில் கோடு போடுங்கள். பாதிக்கு மேல் கோடு விழுந்தால் வார எண்ணைக் குறைக்க வேண்டும்.

கவிதைக்கு இந்த அளவையே பொருந்தாது. எட்டு வரிக் கவிதை ஐந்து வரியாகச் சுருங்கியது என்றால் அன்று நல்ல வேலை நடந்திருக்கிறது, கணக்கு மட்டும் குறைத்துக் காட்டும். கவிஞர்கள் நிமிடத்தையோ வரைவு எண்ணிக்கையையோ குறிக்கலாம். வாரத்துக்கு நாலு அமர்வு, ஒவ்வொன்றிலும் பழைய வரைவைப் பார்க்காமல் புதிதாக ஒரு வரைவு என்பது பலருக்கு ஒத்துவரும்.

உரைநடையிலும் திருத்தக் கட்டத்துக்கு வந்ததும் பதிவேட்டு நெடுவரிசையின் தலைப்பை மாற்றுங்கள். "எழுதிய சொல்" என்பதை அடித்துவிட்டு "வாய்விட்டுப் படித்துத் திருத்திய பக்கம்" என்று போட்டு, வாரத்துக்கு மூன்று பக்கத்தில் தொடங்கலாம். வெட்டியதைக் கழித்துக் காட்ட வேண்டாம்.